அம்பேத்கரின் கல்வி

பீம்ராவ் ராம்ஜி அம்பேத்கர் (ஏப்ரல் 14, 1891 - டிசம்பர் 6, 1956) இந்தியாவைச் சேர்ந்த பொருளியலாளர், சட்ட அறிஞர், சமூகச் சீர்திருத்தவாதி மற்றும் அரசியல் தலைவர் ஆவார். இந்திய அரசியலமைப்பு வரைவுக் குழுவின் தலைவராகவும் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் சட்ட அமைச்சராகவும் பணியாற்றியவர். இக்கட்டுரை அவருடைய பள்ளி, கல்லூரிக் கல்வியைப் பற்றியது.

அம்பேத்கர் மும்பை, நியூயார்க், இலண்டன் ஆகிய மூன்று நகரங்களில் உயர்கல்வி பெற்றார். பொருளியலில் இரண்டு முனைவர் நிலைப் பட்டங்களும் பாரிஸ்டர் தகுதியும் அவருக்குக் கிடைத்தன. 1900 ஆம் ஆண்டு உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தது முதல் 1927 ஆம் ஆண்டு கடைசிப் பட்டம் கைக்கு வந்தது வரை இக்கல்வி தொடர்ச்சியாக நடைபெறவில்லை. பணமின்மை, தீண்டாமை ஆகிய இரண்டு காரணங்களால் அது பலமுறை தடைப்பட்டது.

குடும்பப் பின்னணி

அம்பேத்கர் இன்றைய மத்தியப் பிரதேசத்திலுள்ள மாவ் என்னும் படைமுகாம் நகரில் பிறந்தார். தந்தை ராம்ஜி மாலோஜி சக்பால், தாய் பீமாபாய். இவர்களுக்குப் பிறந்த பதினான்கு குழந்தைகளுள் அம்பேத்கர் கடைசியாவார். குடும்பம் அன்று தீண்டத்தகாதவர்களாக ஒதுக்கப்பட்டிருந்த மகர் சாதியைச் சேர்ந்தது. பூர்வீக ஊர் மகாராட்டிரத்தின் இரத்தினகிரி மாவட்டத்திலிருந்த அம்பாடவே ஆகும்.

ராம்ஜி ஆங்கிலேய இந்தியப் படையில் சுபேதார் நிலையில் இருந்தவர். அக்காலத்தில் படையினருக்கும் அவர்களுடைய பிள்ளைகளுக்கும் படைத்துறையே பள்ளிகளை நடத்தி வந்தது. அத்தகைய பள்ளியொன்றில் ராம்ஜி பல ஆண்டுகள் தலைமையாசிரியராக இருந்தார். ஊர்ப் பள்ளிகளில் இடம் கிடைக்காத ஒரு சாதியில் பிறந்த அம்பேத்கருக்கு, எழுத்தறிவுள்ள வீடு அமைந்ததற்குப் படைத்துறைப் பணியே காரணமாயிற்று. ராம்ஜி ஓய்வு பெற்றபின் குடும்பம் முதலில் தபோலிக்கும் பின்னர் சாத்தாராவுக்கும் குடிபெயர்ந்தது. அம்பேத்கர் சிறுவனாக இருந்தபோதே தாய் பீமாபாய் காலமானார். தந்தையின் தமக்கையான மீராபாய் குழந்தைகளை வளர்த்தார்.

சாத்தாரா பள்ளி

நவம்பர் 7, 1900 அன்று அம்பேத்கர் சாத்தாரா அரசு உயர்நிலைப் பள்ளியின் முதல் ஆங்கில வகுப்பில் சேர்க்கப்பட்டார். இப்பள்ளி பின்னர் பிரதாப்சிங் உயர்நிலைப் பள்ளி எனப் பெயர் பெற்றது. 2017 ஆம் ஆண்டு முதல் மகாராட்டிர அரசு இந்நாளை மாணவர் நாளாகக் கொண்டாடுகிறது.

பள்ளியில் அவர் மற்ற மாணவர்களுடன் அமர அனுமதிக்கப்படவில்லை. வீட்டிலிருந்து கொண்டுவந்த சாக்குத் துணியை விரித்து ஒரு மூலையில் தனியே அமர வேண்டும். வகுப்பைத் துப்புரவு செய்யும் பணியாளர் அந்தச் சாக்கைத் தொடமாட்டார். எனவே நாள்தோறும் மாலையில் அதை வீட்டுக்கு எடுத்துச் சென்று மறுநாள் மீண்டும் கொண்டுவர வேண்டியிருந்தது. தாகம் எடுத்த பிற மாணவர்கள் ஆசிரியரிடம் அனுமதி பெற்றுக் குழாயைத் திறந்து நீர் அருந்தினர். அம்பேத்கர் குழாயைத் தொடக்கூடாது என்பதால் அவருக்காகப் பள்ளிச் சேவகர் வந்து திறந்துவிட வேண்டும். சேவகர் இல்லாத நாட்களில் தண்ணீர் கிடைக்காது.

அவருடைய தன்வரலாற்றுக் குறிப்புகளில் 1901 ஆம் ஆண்டு கோடை விடுமுறைப் பயணம் ஒன்று விரிவாகப் பதிவாகியுள்ளது. அப்போது தந்தை கோரேகாவ் என்னும் ஊரில் காசாளராக இருந்தார். அவரைக் காண அம்பேத்கரும் அண்ணனும் தமக்கையின் பிள்ளைகளும் தொடர்வண்டியில் மசூர் நிலையத்தில் வந்திறங்கினர். இவர்களுடைய சாதியை அறிந்ததும் மாட்டு வண்டிக்காரர்கள் ஏற்றிச் செல்ல மறுத்தனர். இரட்டிப்புக் கூலி பெற்றுக்கொண்டு ஒருவர் வண்டியைக் கொடுத்தார். எனினும் அவர் நடந்து வந்தார், சிறுவர்களே வண்டியை ஓட்டினர். வழியில் குடிக்கத் தண்ணீர் தருவார் இல்லாததால், கையில் உணவு இருந்தும் அன்றிரவு பட்டினியாகக் கிடந்தனர். தீண்டாமை பள்ளிச் சுவருக்குள் மட்டும் நிற்பதன்று என்பதை இந்நிகழ்வு தனக்கு உணர்த்தியதாக அம்பேத்கர் பிற்காலத்தில் பதிவு செய்தார்.

அம்பேத்கர் என்னும் குடும்பப் பெயர் பள்ளிக் காலத்தில் அமைந்ததாகும். ஊர்ப் பெயரை ஒட்டி அம்பாடவேகர் என வழங்கிய பெயரை, இவர்மீது அன்பு கொண்டிருந்த ஆசிரியர் ஒருவர் தம் பெயரான அம்பேத்கர் என்று மாற்றிப் பதிந்தார் என்று வாழ்க்கை வரலாற்று நூல்கள் பலவும் கூறுகின்றன.

மும்பையில் பள்ளிக் கல்வி

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் குடும்பம் மும்பைக்கு (அன்றைய பம்பாய்) வந்தது. பரேல் பகுதியில் ஆலைத் தொழிலாளர்கள் வாழ்ந்த அடுக்குக் குடியிருப்பு ஒன்றில் ஓர் அறையில் அனைவரும் வசித்தனர். அம்பேத்கர் அரசின் எல்பின்ஸ்டன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். இரு பிள்ளைகளையும் படிக்க வைக்கும் வசதி தந்தைக்கு இல்லை. ஆகவே அண்ணன் ஆனந்தராவ் படிப்பை விட்டு வேலைக்குச் சென்றார். இளைய மகன் கேட்ட நூல்களை வாங்குவதற்காக, மணமாகிச் சென்ற மகள்களிடம் நகைகளைப் பெற்று அடகு வைப்பதும் தந்தையின் வழக்கமாக இருந்தது.

அறையில் இரவில் எல்லோரும் படுத்தபின் படிக்க இடமிருக்காது. எனவே மகனை முன்னிரவில் உறங்கச் செய்துவிட்டு ராம்ஜி விழித்திருப்பார். அதிகாலை இரண்டு மணிக்கு மகனை எழுப்பிவிட்டு, அந்த இடத்தில் தாம் படுத்துக்கொள்வார். அம்பேத்கர் மண்ணெண்ணெய் விளக்கின் ஒளியில் விடியும்வரை படிப்பார்.

பெருநகரப் பள்ளியிலும் தீண்டாமை தொடர்ந்தது. ஒருமுறை கணக்கைச் செய்துகாட்ட ஆசிரியர் அவரைக் கரும்பலகைக்கு அழைத்தார். பலகைக்குப் பின்னால் தங்கள் உணவுப் பெட்டிகளை வைத்திருந்த மாணவர்கள், அவர் அணுகும் முன் ஓடிச்சென்று பெட்டிகளை அகற்றினர். இரண்டாம் மொழியாகச் சமற்கிருதம் கற்க அம்பேத்கர் விரும்பினார். தீண்டத்தகாத சாதி மாணவருக்கு அம்மொழியைக் கற்பிக்க மறுத்ததால் பாரசீக மொழியை எடுத்துப் படிக்க வேண்டியதாயிற்று. பிற்காலத்தில் அவர் தம் சொந்த முயற்சியால் சமற்கிருதம் பயின்றார்.

1907 ஆம் ஆண்டு மெட்ரிக்குலேசன் தேர்வில் தேர்ச்சி பெற்றார். 750 மதிப்பெண்களுக்கு அவர் பெற்றது 282 ஆகும். இது உயர்ந்த மதிப்பெண் அன்று. ஆயினும் அவருடைய சமூகத்தில் ஒருவர் இத்தேர்வில் வெல்வது மிக அரிதாக இருந்ததால் பாராட்டுக் கூட்டம் நடத்தப்பட்டது. சமூகச் சீர்திருத்தவாதி எஸ். கே. போலே அதற்குத் தலைமை வகித்தார். ஆசிரியரும் எழுத்தாளருமான கிருட்டிணாஜி அர்ச்சுன் கேலூசுகர், தாம் மராத்தியில் எழுதிய புத்தரின் வாழ்க்கை வரலாற்று நூலை அவருக்குப் பரிசளித்தார். பூங்காவில் தனியே அமர்ந்து படிக்கும் சிறுவனாக அம்பேத்கரை அவர் முன்பே அறிந்திருந்தார்.

எல்பின்ஸ்டன் கல்லூரி

1908 ஆம் ஆண்டு அம்பேத்கர் மும்பை எல்பின்ஸ்டன் கல்லூரியில் சேர்ந்தார். இடைநிலைத் தேர்வுக்குப் பின் படிப்பைத் தொடரப் பணமில்லாத நிலை ஏற்பட்டது. கேலூசுகரின் முயற்சியால் பரோடா மன்னர் மூன்றாம் சாயாஜிராவ் கெயிக்வாட் மாதம் 25 ரூபாய் உதவித்தொகை வழங்கினார். பேராசிரியர் முல்லர் நூல்களும் உடைகளும் கொடுத்து உதவினார். கல்லூரியின் உணவு விடுதியை நடத்தியவரோ அவருக்குத் தேநீரும் தண்ணீரும் தர மறுத்தார்.

1912 ஆம் ஆண்டுத் தேர்வில் வென்று பம்பாய்ப் பல்கலைக்கழகத்தின் இளங்கலைப் பட்டத்துக்குத் தகுதி பெற்றார். சனவரி 1913 இல் பரோடா அரசுப் பணியில் சேர்ந்தார். சில நாட்களிலேயே தந்தை நோயுற்ற செய்தி வந்ததால் மும்பை திரும்பினார். பிப்ரவரி 2, 1913 அன்று ராம்ஜி காலமானார்.

கொலம்பியாப் பல்கலைக்கழகம்

அதே ஆண்டில் பரோடா மன்னர் சில மாணவர்களை அமெரிக்காவுக்கு அனுப்ப முடிவு செய்தார். தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுள் அம்பேத்கரும் ஒருவர். மூன்றாண்டுகளுக்கு மாதம் 11.50 பவுண்டு உதவித்தொகை என்றும், படிப்பு முடிந்தபின் பத்து ஆண்டுகள் பரோடா அரசில் பணியாற்ற வேண்டும் என்றும் ஒப்பந்தம் செய்யப்பட்டது. சூலை 1913 இல் அவர் நியூயார்க் நகரை அடைந்து கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். மாணவர் விடுதியில் உடன் தங்கிய நேவல் பதேனா என்னும் பார்சி மாணவர் வாழ்நாள் நண்பரானார்.

உடன் படிப்பவர்களோடு ஒரே மேசையில் உண்பதும் ஒரே குழாயில் நீர் அருந்துவதும் அம்பேத்கருக்கு அங்கு இயல்பாயின. மூன்றாண்டுகளில் அவர் எடுத்துக்கொண்ட பாடங்கள் பின்வருமாறு:

- பொருளியல் - 29
- வரலாறு - 11
- சமூகவியல் - 6
- மெய்யியல் - 5
- மானிடவியல் - 4
- அரசியல் - 3
- தொடக்கநிலை பிரெஞ்சு, இடாய்ச்சு - தலா 1

பொது நிதி அறிஞர் எட்வின் செலிக்மன், மெய்யியலாளர் சான் டூயி, வரலாற்றாசிரியர் சேம்சு ஆர்வி ராபின்சன், மானிடவியலாளர் அலெக்சாண்டர் கோல்டன்வைசர் ஆகியோர் அவருடைய ஆசிரியர்கள். இவர்களுள் டூயியின் மக்களாட்சிக் கருத்துகள் அம்பேத்கரின் பிற்கால எழுத்துகளில் தெளிவாகக் காணப்படுகின்றன.

கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி, நிதி பற்றிய ஆய்வை மே 1915 இல் முதுகலைப் பட்டத்துக்காக எழுதினார். அவ்வாண்டே முதுகலைப் பட்டம் பெற்றார். மே 9, 1916 அன்று கோல்டன்வைசரின் கருத்தரங்கில் இந்தியாவில் சாதிகள் பற்றிய கட்டுரையை வாசித்தார். தன் சாதிக்குள்ளேயே மணம் செய்துகொள்ளும் அகமண முறையே சாதியின் அடிப்படை என்பது அக்கட்டுரையின் மையக் கருத்தாகும். பள்ளியில் சாக்குத் துணியில் அமர்த்தப்பட்டவர், அந்த ஏற்பாட்டின் தோற்றத்தை 25 ஆம் வயதில் மானிடவியல் முறைப்படி ஆராய்ந்தார். இக்கட்டுரை 1917 இல் அச்சில் வெளிவந்தது.

இந்தியாவின் தேசிய வருவாய்ப் பங்கீடு பற்றிய ஆய்வேட்டை 1916 ஆம் ஆண்டு கொலம்பியாவில் அளித்தார். ஆய்வேட்டை அச்சிட்டு அளித்த பின்னரே முனைவர் பட்டம் வழங்குவது அப்பல்கலைக்கழகத்தின் விதியாகும். அதை நிறைவேற்ற அவருக்கு மேலும் ஒன்பது ஆண்டுகள் ஆயின.

இலண்டனும் முதல் இடைநிறுத்தமும்

அக்டோபர் 1916 இல் அம்பேத்கர் இலண்டன் சென்றார். இலண்டன் பொருளியல் பள்ளியிலும், பாரிஸ்டர் தகுதிக்காகக் கிரேஸ் இன் சட்ட நிறுவனத்திலும் சேர்ந்தார். ஓராண்டு நிறைவுறும் முன்பே உதவித்தொகைக் காலம் முடிந்தது. பரோடா அரசு அவரைத் திரும்ப அழைத்தது. நான்கு ஆண்டுகளுக்குள் திரும்பி வந்து படிப்பைத் தொடரலாம் என்னும் அனுமதியை இலண்டன் பல்கலைக்கழகத்திடம் பெற்றுக்கொண்டு 1917 இல் இந்தியா திரும்பினார். அது முதல் உலகப் போர்க் காலம். அவருடைய நூல்களை ஏற்றி வந்த கப்பல் செருமானிய நீர்மூழ்கிக் கப்பலால் மூழ்கடிக்கப்பட்டது. நூல்களுக்குக் கிடைத்த இழப்பீட்டுத் தொகையே பரோடாவுக்குச் செல்லும் பயணச் செலவுக்கு உதவியது.

பரோடாவில் அவருக்குத் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சிகளுக்கான விடுதி ஒன்றில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடிகளுடன் வந்த ஒரு கூட்டத்தினர் அன்று மாலைக்குள் வெளியேறும்படி மிரட்டினர். நகரில் வேறு எவரும் இடம் தர முன்வரவில்லை. பொதுப் பூங்காவில் சில மணி நேரம் காத்திருந்துவிட்டு இரவு வண்டியில் அவர் மும்பை திரும்பினார். அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் முதுகலைப் பட்டம் பெற்ற ஒருவர், தம்மைப் படிக்க வைத்த அரசின் தலைநகரில் தங்குவதற்கு ஓர் அறை கிடைக்காமல் பணியை விட்டு நீங்கினார். பத்தாண்டுப் பணி ஒப்பந்தமும் இதனால் நிறைவேறாமற் போயிற்று.

நவம்பர் 1918 இல் மும்பை சிடன்காம் வணிகக் கல்லூரியில் அரசியற் பொருளாதாரப் பேராசிரியர் பணி கிடைத்தது. மாணவர்கள் அவருடைய விரிவுரைகளை விரும்பிக் கேட்டனர். ஆயினும் ஆசிரியர் அறையிலிருந்த பொதுத் தண்ணீர்ப் பானையை அவர் பயன்படுத்துவதற்கு உடன் பணியாற்றியோர் சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர். இலண்டன் படிப்பைத் தொடர்வதற்காக அவர் ஊதியத்தில் ஒரு பகுதியைச் சேமித்து வந்தார்.

மீண்டும் இலண்டன்

1920 ஆம் ஆண்டு சொந்தச் சேமிப்பு, கோலாப்பூர் மன்னர் ஷாகு மகாராஜாவின் உதவி, நண்பர் பதேனாவிடம் பெற்ற கடன் ஆகியவற்றைக் கொண்டு அம்பேத்கர் மீண்டும் இலண்டன் சென்றார். மனைவி இரமாபாயும் குழந்தையும் மும்பையில் வறுமையில் வாழ்ந்தனர். பிரித்தானிய அருங்காட்சியக நூலகம் திறக்கும் நேரத்தில் உள்ளே சென்று, மூடும்வரை படிப்பது அவருடைய வழக்கம். உணவுச் செலவை மிகவும் குறைத்துக்கொண்டதால் பகல் உணவு பெரும்பாலும் இருப்பதில்லை. இரவில் பசிக்கும்போது, உடன் தங்கியிருந்தவர் தரும் அப்பளங்களைத் தின்றுவிட்டுப் படிப்பைத் தொடர்வார்.

1921 ஆம் ஆண்டு பிரித்தானிய இந்தியாவில் பேரரசு நிதியை மாகாணங்களுக்குப் பரவலாக்குவது பற்றிய ஆய்வுக்காக அறிவியல் முதுவர் பட்டம் பெற்றார். 1922 இல் கிரேஸ் இன் அவரைப் பாரிஸ்டராக ஏற்றது. இந்திய ரூபாயின் சிக்கலைப் பற்றிய ஆய்வேட்டை அறிவியல் முனைவர் பட்டத்துக்காக அளித்தார். அதில் ஆங்கிலேய அரசின் நாணயக் கொள்கை கடுமையாகச் சாடப்பட்டிருந்தது. தேர்வாளர்கள் அதைத் திருத்தி அளிக்குமாறு கேட்டனர். அதற்குள் பணம் தீர்ந்துவிட்டதால் அவர் 1923 இல் இந்தியா திரும்பினார். முடிவுகளை மாற்றாமல் நடையை மட்டும் திருத்தி மும்பையிலிருந்து அனுப்பினார். ஆய்வேடு ஏற்கப்பட்டு அவ்வாண்டே பட்டம் கிடைத்தது. பேராசிரியர் எட்வின் கேனனின் முன்னுரையுடன் அது நூலாகவும் வெளிவந்தது.

பிரித்தானிய இந்தியாவில் மாகாண நிதியின் வளர்ச்சி பற்றிய அவருடைய நூல் 1925 இல் செலிக்மனின் முன்னுரையுடன் வெளியிடப்பட்டது. இதன் படிகளைப் பெற்றுக்கொண்ட கொலம்பியாப் பல்கலைக்கழகம் 1927 இல் அவருக்கு முனைவர் பட்டத்தை முறைப்படி வழங்கியது.

பெற்ற பட்டங்கள்

- இளங்கலை - பம்பாய்ப் பல்கலைக்கழகம், 1912
- முதுகலை - கொலம்பியாப் பல்கலைக்கழகம், 1915
- அறிவியல் முதுவர் - இலண்டன் பல்கலைக்கழகம், 1921
- பாரிஸ்டர் - கிரேஸ் இன், இலண்டன், 1922
- அறிவியல் முனைவர் - இலண்டன் பல்கலைக்கழகம், 1923
- முனைவர் - கொலம்பியாப் பல்கலைக்கழகம், 1927
- சட்ட முனைவர் (மதிப்புறு பட்டம்) - கொலம்பியாப் பல்கலைக்கழகம், 1952
- இலக்கிய முனைவர் (மதிப்புறு பட்டம்) - உசுமானியா பல்கலைக்கழகம், 1953

கல்வியின் பயன்பாடு

அம்பேத்கரின் ஆய்வுத் துறைகளான பொது நிதியும் நாணயமும் அவருடைய பொது வாழ்வில் நேரடியாகப் பயன்பட்டன. இந்திய நாணயம், நிதி பற்றி ஆராய இல்டன் யங் தலைமையில் அமைக்கப்பட்ட அரச ஆணையத்தின் முன் அவர் சான்றளித்தார். இவ்வாணையம் 1926 இல் அளித்த பரிந்துரையின் வழியே பிற்காலத்தில் இந்திய ரிசர்வ் வங்கி உருவானது. இதனால் அவ்வங்கியை நிறுவியவர் அம்பேத்கரே என்று சில இடங்களில் எழுதப்படுவதுண்டு. ஆணையத்தின் முன் கருத்துரைத்த பலருள் அவரும் ஒருவர் என்பதே சரியானது.

மார்ச் 20, 1927 அன்று மகாடு நகரில் பொதுக் குளத்திலிருந்து நீர் அருந்தும் போராட்டத்தை அவர் தலைமையேற்று நடத்தினார். கொலம்பியாவின் முனைவர் பட்டம் கிடைத்த ஆண்டும் அதுவே. பள்ளிக் குழாயைத் தொடுவதற்கு மறுக்கப்பட்ட உரிமையே அங்கு வெளிப்படையான அரசியல் கோரிக்கையாயிற்று.

பிறருக்கான கல்வி வாய்ப்புகளை உருவாக்குவதிலும் அவர் தொடர்ந்து ஈடுபட்டார். சூலை 1924 இல் ஒதுக்கப்பட்டோர் நலனுக்காக பகிசுகிரித் இதகாரிணி சபையை நிறுவினார். அச்சபை 1925 ஆம் ஆண்டு சோலாப்பூரில் மாணவர் விடுதி ஒன்றைத் தொடங்கியது. பள்ளியில் இடம் கிடைத்தாலும் நகரில் தங்க இடம் கிடைக்காத மாணவர்களுக்கு விடுதியே முதல் தேவையாக இருந்தது. 1935 முதல் 1938 வரை மும்பை அரசு சட்டக் கல்லூரியின் முதல்வராகப் பணியாற்றினார். 1942 இல் தலைமை ஆளுநருக்கு அளித்த மனுவில், தாழ்த்தப்பட்ட மாணவர்கள் அறிவியல், தொழில்நுட்பக் கல்வி பெறவும் வெளிநாடுகளில் பயிலவும் அரசு உதவித்தொகை வழங்க வேண்டும் என்று கோரினார். அவருக்குக் கிடைத்தது ஒரு மன்னரின் தனிப்பட்ட கொடை. அதையே அரசின் கடமையாக்க வேண்டும் என்பது இக்கோரிக்கையின் பொருள்.

சூலை 8, 1945 அன்று மக்கள் கல்விக் கழகத்தை நிறுவினார். இக்கழகம் 1946 இல் மும்பையில் சித்தார்த்தர் கல்லூரியையும், 1950 இல் ஔரங்காபாத்தில் பின்னர் மிலிந்தர் கல்லூரி எனப் பெயர் பெற்ற கல்லூரியையும் தொடங்கியது. இவற்றில் எல்லாச் சமூக மாணவர்களும் சேர்க்கப்பட்டனர். ஆகத்து 29, 1947 இல் அமைக்கப்பட்ட வரைவுக் குழுவுக்கு அம்பேத்கர் தலைவரானார். அரசியலமைப்பின் 17 ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்தது. பொதுக் கிணறுகளையும் குளங்களையும் பயன்படுத்துவதற்குச் சாதியின் பெயரால் தடை விதிக்கலாகாது என 15 ஆம் உறுப்பு விதித்தது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர் ஆகியோரின் கல்வி நலனை அரசு தனிக் கவனத்துடன் பேண வேண்டும் என 46 ஆம் உறுப்பு வழிகாட்டியது.

நூல்கள் மீதான பற்று அவரிடம் இறுதிவரை குறையவில்லை. மும்பை தாதரில் அவர் கட்டிய இராசகிருகம் என்னும் வீடு, பல்லாயிரம் நூல்களை வைப்பதற்கேற்ப அமைக்கப்பட்டது. டிசம்பர் 6, 1956 அன்று தில்லியில் காலமானார். புத்தரைப் பற்றி அவர் எழுதி முடித்திருந்த நூல் மறு ஆண்டு வெளிவந்தது. மெட்ரிக்குலேசன் தேர்வில் வென்ற நாளில் கேலூசுகர் பரிசளித்த நூல் தம்மைப் புத்தரிடம் இட்டுச் சென்றதாக அம்பேத்கர் குறிப்பிட்டுள்ளார்.